கோர்ஸ் விசாரிக்கப் போய் மாப்பிள்ளை பார்த்த கதை

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே நம் டிசைனர்கள் வாட்ஸாப் குழுவில் அந்தக் கேள்வி வந்து விழும். "அண்ணாச்சி, என் தங்கச்சி கிராபிக் டிசைன் படிக்கணும்ங்கா. எங்க சேக்கலாம்?" உடனே ஆளுக்கொரு ஊரைச் சொல்வீர்கள். ஒருவர், எதுவுமே படிக்க வேண்டாம், யூடியூப் போதும் என்பார். அவர் போன வாரம் ஏஐ-யிடம் கேட்டு வாங்கிப் போட்ட பேனரில் மணப்பெண்ணுக்கு ஒரு கையில் ஆறு விரல். மாப்பிள்ளை வீட்டார் கவனிக்கவில்லை. அவர்கள் வளையலைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். சண்டை முற்றியதும் எல்லோரும் என் பக்கம் திரும்புவீர்கள். ரிட்டயர்டு ஆன மனுஷனுக்கு வேறு வேலை இருக்காது என்பது உங்கள் நினைப்பு. இல்லைதான். ஆகவே எழுதுகிறேன்.

முதலில் என் கல்வித் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். சின்னதுதான், சீக்கிரம் முடிந்துவிடும். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். அதைப் பொருத்திக் கொடுக்க மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். அவர் சாப்பிடப் போன நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் நின்றேன். அதுதான் என் கல்லூரி. அவர் பஸ் ஏறியதோடு என் கல்லூரி மூடப்பட்டது. பிற்காலத்தில் என் விசிட்டிங் கார்டில் 'கிரியேட்டிவ் டைரக்டர்' என்று போட்டுக்கொண்டேன். கார்டை டிசைன் செய்தவன் நான், பட்டம் வழங்கியவனும் நானே. டைரக்ட் செய்வதற்குக் கடையில் அப்போது ஒரு மின்விசிறிதான் இருந்தது. அதுவும் நான் சொல்லும் பக்கம் திரும்பாது.

இப்படிப்பட்ட ஒருவனைத்தான் படிப்பு விஷயத்தில் யோசனை கேட்கிறீர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வைகாசி மாதம். கல்யாண சீசன். கடையில் எனக்கு அடுத்த சிஸ்டத்தில் முத்துமாரி என்று ஒரு பெண் இருந்தாள். ப்ளஸ் டூ முடித்து ஒரு வருஷமாக எங்களிடம் வேலை. நம் ஊர்க் கடைகளில் டிசைனர் எப்படி வேலை பார்ப்பார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் வாடிக்கையாளர் குடும்பத்தோடு நிற்பார். கழுத்தை நீட்டி, "பெருசாக்கு, செவப்பு போடு, ரோஜாவைத் தூக்கு, அங்க வை" என்று ஆளுக்கொரு உத்தரவு. நானெல்லாம் அத்தனை உத்தரவையும் ஒரே பேனரில் நிறைவேற்றி, அந்தப் பாவத்தை ஊர் நடுவில் கட்டித் தொங்கவிட்டவன்.

முத்துமாரி வேறு ரகம். ஒரு நாள் காதுகுத்து பேனருக்கு வந்தவர், "தாய்மாமன் படத்தை இன்னும் பெருசாக்கும்மா" என்று விடாமல் படுத்திக்கொண்டிருந்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆக்கலாம் சித்தப்பா. அத்தை படம் சின்னதாயிரும். பரவாயில்லையா?"

அத்தையும் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"இருக்கட்டும், இருக்கட்டும், இதுவே நல்லாத்தான் இருக்கு" என்றார் சித்தப்பா.

அந்தப் பெண்ணுக்கு அந்த வேலை வரும் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது. எனக்கு வராது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் தாமதம்தான்.

இந்த முத்துமாரி சத்தமில்லாமல் சென்னையில் ஒரு டிசைன் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். நாலு வருஷப் படிப்பு, விடுதி. சீட் கிடைத்துவிட்டது. இன்ன தேதி மாலை ஐந்து மணிக்குள் 'சேருகிறேன்' என்று ஆன்லைனில் உறுதி செய்ய வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கல்லூரி சொல்லிவிட்டது. அப்பா சம்மதித்தால்தான் செய்ய முடியும். அப்பா சம்மதிக்கவில்லை.

அப்பா பரமசிவத்துக்குச் சொந்த ஊர் தேவதானம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை. நல்ல மனிதர், நிதானமானவர். அந்த நிதானம்தான் சிக்கல். யாரோ அவரிடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இதே படிப்பை ஆறே மாதத்தில் முடித்துக் கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஆறு மாசத்துல ஆகுற சோலிய எதுக்குத் தாயி நாலு வருசம் இழுக்கணும்? காலைல போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம்லா?" இதுதான் அவர் கட்சி. மறுத்துப் பேச முத்துமாரிக்கு வாய் உண்டு. ஆனால் அவள் புத்திசாலி, என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, அப்பா நாஞ் சொன்னா கேக்க மாட்டாக. நீங்க சொன்னா கேப்பாக. அவியளைக் கூட்டிக்கிட்டு அந்த எடத்தை நல்லா விசாரிச்சுட்டு வாங்க. நெசமாவே நல்லா இருந்துச்சுன்னா நானே அங்க சேந்துக்கிடுதேன். ஆனா இன்னைக்கே போகணும். அஞ்சு மணிக்குள்ள முடிவு தெரியணும்."

"நீயும் வாம்மா."

"முதலாளி விடணும்லா? மூணு தலைமுறைத் தலைகளை வெட்டி ஒட்ட வேண்டியது கெடக்கு."

அப்போதுதான் என் மூளை ஒரு அபாரமான யோசனையைச் சொன்னது. என் மூளை அபாரமாக யோசித்த நாட்களை எல்லாம் நான் ஞாபகம் வைத்திருக்கிறேன், விளைவுகள் அப்படி. பரமசிவத்துக்குப் போன் போட்டேன்.

"பரமசிவம், காலேஜ்ல போயி கோர்ஸ் நல்லா இருக்குமான்னு கேட்டா, இல்லைன்னா சொல்லுவாக? மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி விசாரிப்போம். பக்கத்து டீக்கடை, சலூன், ஜெராக்ஸ் கடை. அங்கதான் உண்மை கெடைக்கும்."

"கரெக்டு அண்ணாச்சி. மாப்பிள்ளை வீட்டுல கேட்டா காபி குடுப்பான். உண்மையக் குடுப்பானா?" என்றார் அவரும்.

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த யோசனையில் இப்போதும் எனக்குக் குறை தெரியவில்லை. ஒரு பயிற்சி நிலையம் தன்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் பேனர்தான். பேனர் எப்படித் தயாராகிறது என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? தப்பு, நான் சொன்னதைப் பரமசிவம் முழுமையாக எடுத்துக்கொண்டதில் வந்தது.

மதிய வெயிலில் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றவரைப் பார்த்து நான் ஒரு அடி பின்வாங்கினேன். கரை வேட்டி, இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் ஒரு பை நிறைய ஆப்பிளும் சாத்துக்குடியும்.

"இது எதுக்கு?"

"மொத மொதல்ல ஒரு எடத்துக்குப் போறோம். வெறுங்கையோடயா போறது?"

ராகு காலம் முடியட்டும் என்று ஒரு பஸ்ஸையும் விட்டார். முகூர்த்த நாள் வேறு. பஸ்ஸில் பாதிப் பேர் எங்களைப் போலவே பட்டும் பழமுமாக இருந்தார்கள். யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. வழியில் பரமசிவம் என் காதருகே குனிந்து, "அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. இந்த கிராபிக் டிசைன்னா என்ன?" என்று கேட்டார்.

"ஒரு வருசமா உம்ம மக பாக்குற வேலைதான்."

"அது பேனரு அடிக்கிறதுல்லா?"

முப்பது வருஷ அனுபவத்தைத் திரட்டி விளக்கினேன். நிறம், எழுத்து, இடைவெளி, பார்ப்பவன் கண் முதலில் எங்கே போகும், பிறகு எங்கே போகும். பொறுமையாகக் கேட்டார். "ஆக, பேனரு அடிக்கிறதுதான்" என்று முடித்தார். நானும் யோசித்துப் பார்த்தேன். என்னைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பயிற்சி நிலையம் ஒரு மாடியில் இருந்தது. பெயர் வேண்டாம். போர்டு மட்டும் சொல்கிறேன், தொழில்முறை ஆர்வத்தில். கிராபிக் டிசைன், வெப் டிசைன், வீடியோ எடிட்டிங், அனிமேஷன், ஏஐ, டேலி, ஸ்போக்கன் இங்கிலீஷ், மெஹந்தி. கீழே பட்டமளிப்புத் தொப்பியை வானத்தில் எறிந்து குதிக்கும் மஞ்சள் முடி மாணவர்கள். அந்த முடியோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் யாராவது அப்படிக் குதித்திருந்தால் ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போயிருக்கும்.

நேர் கீழே டீக்கடை. கடைக்காரரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். இரண்டு டீ சொல்லிவிட்டு, விசாரிப்புக்கே உரிய குரலில், அதாவது பாதிக் குரலில், கேட்டேன்.

"பாய், மாடியில சொல்லிக் குடுக்காங்களே, யாரு பாக்குறது? ஆளு எப்படி?"

பாய் என்னைப் பார்த்தார். பரமசிவத்தின் சந்தனத்தைப் பார்த்தார். பழப்பையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கனிவு வந்தது. அது ஏன் வந்தது என்று அந்த இடத்தில் எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"சதீஸா? தங்கமான புள்ளண்ணே. நம்ம கடையிலதான் நாலு வருசமா டீ குடிக்கான். பீடி, சிகரெட்டு கெடையாது. எந்த ஊருண்ணே நீங்க?"

"தேவதானம் பக்கம். இப்ப ராஜபாளையம்" என்றார் பரமசிவம்.

"பொண்ணு என்ன படிச்சிருக்கு?"

"ப்ளஸ் டூ. டிசைன் வேலை நல்லாப் பாக்கும்."

"பெறகென்ன? ரெண்டும் ஒரே லைனு!" பாய் கல்லாவிலிருந்து எழுந்து மாடியைப் பார்த்து ஒரு குரல் விட்டார். "ஏலே சதீசு! செத்த கீழ வா! மூஞ்சியக் கழுவிட்டு வா!"

எந்தப் பயிற்சி நிலையத்தில் ஆசிரியரை முகம் கழுவிவிட்டு வரச் சொல்வார்கள் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சதீஷ் வந்துவிட்டான். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது. தலைமுடியில் தண்ணீர் சொட்டியது. சட்டையை அப்போதுதான் பேண்ட்டுக்குள் திணித்திருக்கிறான். ஒரு பக்கம் இன்னும் வெளியே இருந்தது. வந்தவன் நேராகப் பரமசிவத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாய் எங்களைப் பெண் வீட்டார் என்று நினைத்துவிட்டார், பையனும் நம்பிவிட்டான்.

உங்களில் பலர் நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று கேட்பீர்கள். நேர்மையான ஆள் அந்த இடத்திலேயே, "தம்பி, நாங்க அதுக்கு வரலை" என்று சொல்லியிருப்பான். நான் ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா இருப்பது என்று முடிவு செய்தேன். படிப்பு விற்கிறவனிடம் உண்மை வாங்க முடியாது. மாப்பிள்ளையாக உட்கார்ந்திருப்பவன் தன் வேலையைப் பற்றி என்ன சொல்வான் என்று கேட்க ஆசையாக இருந்தது.

"உக்காருங்க தம்பி. வேலையெல்லாம் எப்படி?" என்றேன்.

"ஒரு டென்சனும் இல்லாத வேலை சார்" என்றான் பெருமையாக. "காலைல பதினோரு மணிக்கு வந்தாப் போதும், நாலு மணிக்குக் கெளம்பிரலாம். குடும்பத்துக்கு நல்லா டைம் குடுக்கலாம்."

"சொல்லிக் குடுக்கணும்லா?"

"வீடியோ போட்டு விட்ருவேன் சார், பசங்க அதுக பாட்டுக்குப் பாத்துக்கிடும்."

"கூட எத்தனை வாத்தியாருங்க?"

"நான் ஒருத்தன்தான் சார். கிராபிக்ஸ், வீடியோ, அனிமேஷன், டேலி, இங்கிலீஷ், அம்புட்டும் நாந்தான். மெஹந்திக்கு மட்டும் ஓனரோட சம்சாரம் வருவாங்க. நான் ஒரு நாள் வரலைன்னா கிளாஸே லீவு. அந்த அளவுக்கு என்னைய நம்பி இருக்காங்க."

"அப்ப இங்கயே நெலையா இருப்பீங்க."

"சேச்சே! தீபாவளிக்குள்ள கோயம்புத்தூர் போயிருவேன் சார். ஒரு கம்பெனியில பேசி வச்சிருக்கேன்."

ஆறு மாத கோர்ஸ் ஆனியில் ஆரம்பிக்கிறது என்று போர்டில் போட்டிருந்தது. தீபாவளிக்குப் பிறகு மெஹந்தி மட்டும்தான் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"உங்ககிட்டப் படிச்ச பசங்க நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் மரியாதையானவங்க சார். ஒருத்தன் பால்கோவா கடையில பில்லு போடுதான். எப்ப போனாலும் எனக்குச் சூடா எடுத்துக் குடுப்பான்."

பையன் சொன்ன ஒவ்வொரு பதிலும் மாப்பிள்ளைக்கு ஒரு மார்க் ஏற்றியது, கோர்ஸுக்கு ஒரு மார்க் இறக்கியது. நான் இறங்குவதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே மயக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஏறுவதை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதை நான் கவனிக்கவில்லை. பரமசிவம் தொண்டையைச் செருமினார்.

"குலதெய்வம் எங்க தம்பி?"

டீ எனக்குப் புரை ஏறியது. நம் பக்கத்தில் அந்தக் கேள்வியை யாரும் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை.

"சேத்தூருக்கு மேக்க, மலையடிவாரத்துல அய்யனாரு சார்."

பரமசிவத்தின் முகத்தில் சந்தனமே இன்னும் கொஞ்சம் பிரகாசமானது போல இருந்தது. என் தொடையை அழுத்தினார். "அண்ணாச்சி, நம்மளுக்குத் தோதான எடம்" என்று கிசுகிசுத்தார்.

நிலைமை இதுதான். முத்துமாரி என்னை நம்பி அனுப்பியிருக்கிறாள், சென்னை சீட்டைக் காப்பாற்றித் தருவேன் என்று. நான் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணி நாலைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாமர்த்தியம் போதும் என்று டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தம்பி, கோவிச்சுக்கக் கூடாது. நாங்க பொண்ணு குடுக்க வந்தவங்க இல்லை. இவரு மகளைக் கிராபிக் டிசைன் கோர்ஸ்ல சேக்கலாமான்னு விசாரிக்க வந்தோம்."

சதீஷ் எழுந்தான். சட்டையின் வெளியே கிடந்த பக்கத்தையும் உள்ளே திணித்தான். அவன் குரலே மாறிவிட்டது.

"வெல்கம் சார்! நூறு சதவீதம் பிளேஸ்மெண்ட் கேரண்டி சார்! அனுபவம் வாய்ந்த ஆசிரியர் குழு! ஒவ்வொரு மாணவர் மேலயும் தனி கவனம்!"

அதே வாய். இடையில் ஒரு வாய் டீகூட இறங்கியிருக்காது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டு பாய்லர் பக்கம் திரும்பிவிட்டார். நான் சதீஷைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். மெதுவாக உட்கார்ந்தான்.

"அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே" என்றான்.

அந்த நேரத்தில் முத்துமாரியின் போன். "அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்மா."

"இன்னுமா? மணி நாலு ஆச்சு. அப்படி என்னத்தை விசாரிக்கிய?"

குலதெய்வம் என்று எப்படிச் சொல்வது? சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். பரமசிவத்தின் பக்கம் திரும்பினேன். அவர் தெளிவாக இருந்தார்.

"அண்ணாச்சி, இந்த கோர்ஸு சரிப்படாது, ஒத்துக்கிடுதேன். சென்னையும் வேண்டாம். படிப்பு கெடக்கட்டும். வந்ததுக்கு இந்தப் பையன் வீட்டு அட்ரஸை வாங்கிக்கிட்டுப் போவோம்."

இப்போது உண்மையிலேயே பயந்துவிட்டேன். கோர்ஸைத் தோற்கடிக்கப் போய்ப் படிப்பையே தோற்கடித்துவிட்டேன். என்ன சொல்லி அவரை மடக்குவது என்று தெரியாமல், "சென்னையில சீட் கெடச்சிருக்குய்யா! அதை விடுறதா?" என்று கத்திவிட்டேன்.

"எந்த காலேஜு சார்?" என்றான் சதீஷ். பழக்கதோஷமாக, போட்டி நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் தோரணையில்.

சொன்னேன்.

அவன் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "அங்கயா? அங்க சீட்டு கெடச்சிருச்சா? எத்தனாவது தடவை?"

"மொதத் தடவை."

"நான் ரெண்டு தடவை எழுதினேன் சார்." இது மூன்றாவது குரல். விற்கிற குரலும் இல்லை, மாப்பிள்ளைக் குரலும் இல்லை. "ரெண்டு தடவையும் எழுத்துப் பரீட்சை தாண்டிட்டேன். பொறவு கையில கம்பியும் களிமண்ணும் குடுத்து, 'காத்திருத்தல்'னு ஒண்ணு செய்யுங்கன்னாங்க. போட்டோஷாப்ல பண்ணித் தரட்டுமான்னு கேட்டேன்."

"ரெண்டாவது தடவை?"

"கோரல் சாப்ட்வேர்ல பண்ணித் தரட்டுமான்னு கேட்டேன்."

நான் சிரிக்கவில்லை. எனக்குக் கொடுத்திருந்தால் கம்பியைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் பேனர் கட்டியிருப்பேன்.

"அந்தப் பொண்ணு என்ன சார் செஞ்சுச்சு?"

முத்துமாரி என்னிடம் சொல்லியிருந்தாள். களிமண்ணில் ஒரு நாற்காலி. அதன் பின்னால் கம்பியில் வளைத்த ஏழெட்டுக் கழுத்துகள், நீளமாக, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு எட்டிப் பார்க்கிற மாதிரி. எங்கள் கடை வாடிக்கையாளர்கள்தான். சொன்னதும் சதீஷ் மேசையில் விரலால் அந்தக் கழுத்துகளை வரைந்து பார்த்தான்.

பரமசிவத்துக்கு மகள் களிமண் பிசைந்தது அப்போதுதான் தெரியும். "கம்பிய வளைச்சதுக்கா சீட்டு குடுத்தாக?" என்றார். "தம்பி, நீங்க கோவப்படாதீக. அதை நீங்க இங்க ஆறு மாசத்துல சொல்லித் தர முடியாதா?"

"எனக்கே யாரும் சொல்லித் தரலை சார். எந்தப் பட்டனை அமுக்கணும்னு நான் சொல்லித் தருவேன். அடுத்த வருசம் அந்தப் பட்டனு வேற எடத்துக்குப் போயிரும். இப்ப வார ஏஐ-யில பட்டனே இல்லை, வாயால சொன்னாப் போதும். என்ன சொல்லணும்னு தெரிஞ்சவன் பொழச்சுக்கிடுவான். அதைத்தான் அங்க நாலு வருசம் சொல்லிக் குடுக்காங்க."

பரமசிவம் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார், சந்தனம் போய்விட்டது. பிறகு என்னிடம் சொல்லாமல் டீ டம்ளரிடம் சொல்வது போலச் சொன்னார்.

"எங்க மில்லுல புது மிஷின் வந்தப்ப ரெண்டு தினுசா ஆளு இருந்தோம் அண்ணாச்சி. நூலைத் தொட்டுப் பாத்து மிஷினை மாத்துறவன் ஒருத்தன். பழைய மிஷின்ல பட்டன் அமுக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன். நூலு தெரிஞ்சவனைப் புது மிஷின்ல நிப்பாட்டுனாங்க."

"நீங்க?"

"நான் இப்ப பேக்கிங் செக்சன்."

அவ்வளவுதான். என் முப்பது வருஷ அனுபவம் பஸ்ஸில் செய்ய முடியாததை அவர் ஒரு டம்ளரைப் பார்த்துக்கொண்டு தானே செய்துகொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை. வாழ்க்கையில் சரியான நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்ட சந்தர்ப்பங்கள் குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வாடிக்கையாளர் தானாகச் சரியான முடிவுக்கு வரும்போது டிசைனர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும்.

"போனைப் போடுங்க" என்றார்.

முத்துமாரி முதல் மணியிலேயே எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"தாயி, சென்னையிலயே சேந்துக்கோ."

"அப்பா, ஒங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும். சீக்கிரம் சொல்லுங்க, ரெண்டு நிமிசம்தான் இருக்கும்" என்றாள். குரல் லேசாக உடைந்திருந்தது. ஆனால் வேலையில் கண்.

பரமசிவத்தின் பட்டன் போன் சட்டைப் பையில் கீச்சிட்டது. வெளியே எடுத்தார். எடுத்தவர் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஓடிபியை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பேங்குல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காக."

"மககிட்டயுமா?" என்றேன்.

"யாருகிட்டயும்னாகளே."

"அப்பா!" என்றது ஸ்பீக்கர்.

"இரு தாயி. இந்த மெசேஜ்லயும் போட்டிருக்கு, யாருடனும் பகிர வேண்டாம்னு."

விவாதம் முடிவதற்குள் இரண்டு நிமிஷம் முடிந்துவிட்டது. முத்துமாரி மறுபடி அனுப்பினாள். இந்த முறை பரமசிவம் போனை என்னிடம் நீட்டினார். "நீங்க வாசிங்க. நான் சொன்னதா இருக்க வேண்டாம்." நான் சட்டைப் பையைத் தடவினேன். மூக்குக் கண்ணாடி ராஜபாளையத்தில் என் மேசையில் இருந்தது. எழுத்து அளவைப் பற்றி ஆயுள் முழுக்க அடுத்தவர்களுக்குப் பாடம் எடுத்தவனுக்கு அந்தச் சின்னத் திரையில் தெரிந்ததெல்லாம் ஒரு கரிய கோடு. தூர வைத்துப் பார்த்தேன், கிட்ட வைத்துப் பார்த்தேன். மூன்றா, எட்டா?

"அண்ணாச்சி, எட்டு மாதிரி இருக்குன்னு அடிச்சு விட்ராதீங்க! மூணு தடவை தப்பாப் போட்டா பூட்டிரும்" என்றாள் முத்துமாரி. என்னை நன்றாகத் தெரிந்தவள்.

சதீஷ் கையை நீட்டினான். போனைக் கொடுத்தேன். தான் இரண்டு தடவை கேட்டுக் கிடைக்காத இடத்துக்கு இன்னொருவரை உள்ளே விடும் எண்ணை அவன் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தான். வாசித்துவிட்டு, "சரியா வந்துச்சாங்க?" என்று ஒரு தடவை கேட்டான்.

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றாள். பாய்கூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"வந்துருச்சு! கன்பர்ம் ஆயிருச்சுப்பா!" என்று கத்தினாள். பின்னால் கடையில் யாரோ கை தட்டினார்கள்; பேனருக்கு நின்ற ஆளாக இருக்கும், என்ன ஏது என்று தெரியாமலே. கொஞ்சம் அடங்கியதும் கேட்டாள். "யாருப்பா நம்பர் வாசிச்சது? கொரலு புதுசா இருக்கு."

பரமசிவம் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். பாய் பாய்லரைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் முத்துமாரி என்னை வேலையை விட்டே அனுப்பிவிடுவாள், ஓய்வு பெறும் வரைகூடக் காத்திருக்க மாட்டாள். பரமசிவம் சதீஷை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் மாப்பிள்ளை என்கிற கணக்கை அவர் அழித்ததை நான் பார்த்தேன்.

"இங்க வாத்தியாரா இருக்காப்ல தாயி" என்றார். "அடுத்த வருசம் மறுபடி பரீட்சை எழுதி ஒங்கூடப் படிக்க வாராப்ல."

சதீஷ் போன் பக்கம் குனிந்தான்.

"கூட இல்லைங்க" என்றான். "ஒரு வருசம் ஜூனியர்."